தாடையில் ஒட்டாத எலும்பு

பல் போன இடத்தில் எலும்பும் போய்விடும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. பல் விழுந்தால் பொக்கை, வேறு கட்டிக்கொண்டால் மறுபடியும் பல். அவ்வளவுதான் என் ஞானம். அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். என்னிடம் கணக்குப் படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் என் கணவரின் மேல்தாடையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

“இந்த எடத்தப் பாருங்க டீச்சர். முன்பல்லு நாலும் இருந்த எடம். அகலமே இல்ல, அரிவாள்மணை முனை மாதிரி ஆயிருக்கு. இம்ப்ளாண்ட்னா ஒரு திருகு. அத எலும்புக்குள்ள முடுக்கணும். முடுக்கறதுக்கு எலும்பு வேணுமில்ல?”

“இருந்த எலும்பு எங்க போச்சு?”

“கொஞ்சம் ஆக்சிடென்ட்லயே உடைஞ்சு போச்சு. மீதி கரைஞ்சு போச்சு. பல்லு இருந்தாதான் அந்த எலும்புக்கு வேலை. வேலை இல்லன்னா ஒடம்பு அத வச்சிக்காது. ரெண்டு வருஷமா சும்மா விட்டுட்டீங்களே.”

சும்மா விட்டோமாம். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வந்தது. தெரியாமல் பேசுகிறவள் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம் என்று அடக்கிக்கொண்டேன். என் கணவர் வாயை மூடி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். ஊரெல்லாம் கழற்றி எறிந்த பிறகும் அவர் மட்டும் அதை விடவில்லை. கொரோனா போய்விட்டது என்று யாராவது கிண்டல் செய்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

எங்களுக்கு ஒரே பையன். சென்னையில் காலேஜ் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரக்கோணம் வரைக்கும் ரயிலில் வந்தான். எங்கள் ஊரான திருத்தணிக்கு அடுத்த ரயில் தாமதம். ரயில்வே ஷெட்டில் வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர், “பின்னாடி குந்து, பேசிகினே போயிடலாம்” என்று அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டார். இருட்டத் தொடங்கிய நேரம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஒன்று பழுதாகி ரோட்டோரம் நின்றிருந்தது. பின்விளக்கு கிடையாது. எங்கள் பக்கத்தில் எந்தக் கரும்பு வண்டிக்குத்தான் பின்விளக்கு இருந்திருக்கிறது? பைக் அதன் ட்ரெய்லரில் போய் இடித்தது. ஹெல்மெட் போட்டிருந்தவருக்கு முன்பல் நான்கும் மேல்தாடையில் ஒரு துண்டும் போயின. பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு ஹெல்மெட் இல்லை. அவன் கண்ணைத் திறக்கவே இல்லை. சென்னை ஆஸ்பத்திரியில் தலைக்காயப் பிரிவில் இருந்துவிட்டு அப்படியே போனான்.

மத்தியானம் அவனோடு நான் போனில் பேசியிருந்தேன். “சார்ஜ் இல்லம்மா, வந்து பேசறேன்” என்றான். அதுதான் என்னிடம் பேசிய கடைசி. ஆனால் அதற்குப் பிறகும் அவன் பேசியிருக்கிறான். அரக்கோணத்திலிருந்து அந்த டிராக்டர் வரைக்கும் அப்பனும் பிள்ளையும் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வாயாடிப் பையன்; வண்டியில் ஏறினால் காதுக்குள் கத்திக்கொண்டே வருவான். என்ன பேசினான்? காரியமெல்லாம் முடிந்து வீடு காலியானதும் என் கணவரிடம் கேட்டேன். அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். பிறகும் கேட்டேன். அழுது கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். அதே கை, அதே வாய்.

அந்த விஷயம் மட்டும் என்றில்லை. பையனைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. அவன் சட்டையைப் பற்றியோ அவனுக்குப் பிடித்த கறியைப் பற்றியோ நான் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். அவனைப் பற்றிப் பேச எனக்கு உலகத்தில் இருந்தது இந்த ஒரு ஆள். மற்றவர்கள் ‘பாவம்’ என்பார்கள், ‘விதி’ என்பார்கள், அதற்கு மேல் அவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? என் மகனின் கடைசி அரைமணி நேரம் அந்த ஓட்டை வாய்க்குள் கிடந்தது. எனக்கு அது வேண்டும். அதற்காக நான் அந்த மனிதரை எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகத் தயாராக இருந்தேன்.

பல் வைத்தால் வாய் திறக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை. கழற்றி மாட்டும் பல்செட் ஒன்றை ஏற்கெனவே செய்து கொடுத்திருந்தார்கள். அதை ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். கல்யாணம், காதுகுத்து என்றால் பந்தியில் உட்காராமல் மொய் வைத்துவிட்டு வந்துவிடுவார். இப்படியே போனால் இந்த ஆள் ஊமையாகித்தான் ஓய்வார் என்று பயந்தேன். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது ஒருநாள் சொன்னேன்:

“நீங்க பல்லு வெக்கிற வரைக்கும் நானும் கஞ்சிதான் குடிக்கப் போறேன். ஊட்ல இனிமே சோறு கெடையாது.”

“இன்னாத்துக்கு இந்த வீம்பு?”

“எனக்குப் பல்லு இருந்து இன்னா ஆவப்போவுது? ஊட்ல நான் யாராண்ட பேசறேன்?”

விளையாட்டு என்று நினைத்திருப்பார். எனக்கும் பாதி விளையாட்டுதான். ஆனால் சொன்னபடி கஞ்சி குடித்தேன். பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறந்தால் மற்ற டீச்சர்கள் “சுகரா?” என்று விசாரித்தார்கள். நான் இளைத்துப்போனதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சரி, போலாம் வா” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அப்படித்தான் அந்த மருந்துக்கடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

எலும்பு இல்லாவிட்டால் எலும்பு வைத்து ஒட்டலாம் என்றார் டாக்டர். அதற்குத்தான் போன் கிராஃப்ட் என்று பெயராம். வைத்த எலும்பு தாடையோடு ஒன்றாகச் சேர நாலைந்து மாதமாகும்; சேர்ந்த பிறகு இம்ப்ளாண்ட், அதன் மேல் பல். என்னென்ன எலும்பு வைக்கலாம் என்று விளக்குவதற்காக மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினார். உள்ளே ரவை போல வெள்ளைப் பொடி.

“இது மனுஷ எலும்பு சார். தானமா குடுத்தவங்ககிட்ட இருந்து எடுத்து, நல்லா சுத்தம் பண்ணி...”

என் கணவர் அந்தக் குப்பியையே பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கிப் போய்விட்டார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் வீடுகளில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மறுநாள் பால் தெளித்துச் சாம்பலை ஒதுக்கி எலும்பு பொறுக்குவது ஆம்பளைகள் வேலை. பிள்ளைக்கு அப்பன் பொறுக்கக் கூடாது, பங்காளி யாராவது செய்யட்டும் என்று பெரியவர்கள் சொல்லியும் கேட்காமல், வாயில் கட்டோடு போய்க் குனிந்து உட்கார்ந்து அவரே பொறுக்கியிருக்கிறார். அதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை, அவருடைய அக்கா சொல்லித்தான் தெரியும். டாக்டரிடம் இதைச் சொன்னேன். அந்தப் பெண் குப்பியை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கண் கலங்கிவிட்டது.

“சாரி டீச்சர். அவரோட எலும்பே போதும். கீழ்த்தாடையில பின்னாடி கொஞ்சம் எடுத்து முன்னாடி வெச்சிடலாம். வேற யாரோடதும் வேணாம்.”

நான் கீழே இறங்கிப் போனேன். மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தார். “உங்க எலும்புதானாம், வாங்க” என்றேன். ஏதோ துணி அளவு கொடுக்கக் கூப்பிட்டது போல மறுபேச்சில்லாமல் மேலே வந்தார்.

ஆனி மாதக் கடைசியில் அறுவை நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, கீழ்த்தாடையின் கடைசியில் ஈறைக் கிழித்து ஒரு துண்டு எலும்பை வெட்டி எடுத்தார்கள். அதை மேலே கொண்டுபோய்ப் பொருத்தி, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு திருகுகளால் முடுக்கி, ஈறை இழுத்து மூடித் தைத்தார்கள். நான் வெளியே உட்கார்ந்து மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷெட்டில் இரும்பு அறுக்கிறவருக்கு அது பழகிய சத்தமாக இருக்கலாம். நான் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டேன்.

வெளியே வந்தவருக்கு முகம் ஒரு பக்கம் பூசணிக்காய். டாக்டர் எனக்குப் பாடம் எடுத்தார்: உதட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, அந்த இடத்தில் எதுவும் படக் கூடாது, அழுத்தக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, புகை கூடாது, புகையிலை கூடாது, சர்க்கரை ஏறக் கூடாது. “அந்த எலும்பு அசையாம இருக்கணும் டீச்சர். அசைஞ்சா ஒட்டாது. தையல் பிரிஞ்சு எலும்பு வெளிய தெரிஞ்சா கிருமி ஏறிடும், அப்புறம் காப்பாத்தறது கஷ்டம்.”

அன்றிலிருந்து நான் விடுதி வார்டன் ஆனேன். மிக்ஸியில் அடித்த கஞ்சியும் ஆறவைத்த ரசமும் கரண்டியால்தான். கொட்டாவி விட்டால்கூட “மெதுவா, மெதுவா” என்று ஓடினேன். வகுப்பில் பாதிப் பாடத்தில் இருக்கும்போது, இந்நேரம் பீடி பிடிப்பாரோ என்று தோன்றும். போன் போட்டு, “ஊதுனீங்களா?” என்பேன். “இல்லம்மா” என்பார். தையல் பிரித்தபோது டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, “சூப்பர் சார், ஈறு அழகா மூடியிருக்கு” என்றார். வந்த வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ரயிலடியில் அவருக்கு இளநீர் வாங்கி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

புகை உண்டா, பாக்கு உண்டா என்றெல்லாம் டாக்டர் கேட்டாரே தவிர, காவடி எடுப்பீர்களா, அலகு குத்துவீர்களா என்று கேட்கவில்லை. எந்த மருத்துவப் புத்தகத்தில் அப்படிக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்? கேட்டிருந்தாலும் நானே இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் வேண்டிக்கொண்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயில் கட்டு, சட்டையெல்லாம் ரத்தம். கண்ணாடிக் கதவைப் பார்த்துக் கைகூப்பி, குழறிக் குழறிச் சொன்னார்: “முருகா, எம்புள்ளய எழுப்பி உடு. ஆடிக் கிருத்திகைக்கு வாய்ப்பூட்டு போட்டுகினு வந்து உன் வாசல்ல நிக்கிறேன்.” ஒரு கன்னத்தில் குத்தி மறு கன்னத்தில் எடுத்த வேலோடு, வாய் பேசாமல் மலையேறுவதுதான் வாய்ப்பூட்டு. முருகன் எழுப்பவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் நேர்த்திக்கடனும் கிடையாது. எங்கள் ஊரில் இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. முதல் வருஷம் தீட்டு. அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகையன்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். ஊரெல்லாம் அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் முருகனுக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. அவருக்கும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷக் கிருத்திகையன்று எனக்கு உள்ளூர் விடுமுறை. அவர் டியூட்டி என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினார். நான் ஊற்றிக் கொடுத்த கஞ்சியை, “வந்து குடிக்கிறேன்” என்று வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மத்தியானத்துக்குள் நாத்தனாரின் போன். அவர் அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். வருஷா வருஷம் புஷ்பக் காவடியோடு வருகிற கூட்டம். பின்னால் மேளச் சத்தத்தில் கத்திப் பேசினார்.

“இன்னாம்மா நீ ஊட்டுல கீற? தம்பி சரவணப்பொய்கையாண்ட மஞ்சத்துணி கட்டிகினு வாய்ப்பூட்டு போட்டுகினான். நீயும் கூட வந்துகினு இருப்பன்னு இல்ல நெனச்சேன்!”

கதவைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. மஞ்சள் துணியும் காவடியுமாகத் தெரு நிறைந்திருந்தது. எல்லோரும் ஒரே நிறத்தில் இருந்தால் எங்கே தேடுவது? முட்டி மோதிக்கொண்டு படியேறினேன். பாதி மலையில் பார்த்தேன்.

நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை. கம்பி இந்தப் பக்கக் கன்னத்தில் நுழைந்து வாய்க்குள் குறுக்காகப் போய் அந்தப் பக்கம் வெளியே வந்திருந்தது. இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழம். வாயை மூட முடியாமல் உதடு விரிந்திருந்தது. மற்றவர்கள் கம்பியை முன்பல்லால் கடித்து நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கு ஏது முன்பல்? கம்பி நேராக மேல் ஈறில், அந்தத் தையல் போட்ட இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு படி ஏறும்போதும் அது அங்கேயே அழுந்தியது. உதட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கக் கூடாது என்று நான் பொத்திப் பொத்திக் காத்த இடம்.

ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கை துடித்தது. எப்படி வைப்பது? அலகு போட்டவர் அன்றைக்குச் சாமி. ஜனங்கள் குடத்துத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து அவர் காலில் ஊற்றினார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டு எடுத்தாள். “நீயும் உழுந்து கும்புடும்மா” என்று யாரோ என் தோளைத் தள்ளினார்கள். இந்த ஆளுக்கு நேற்று ராத்திரி ரசம் ஊட்டியவள் நான்தான் என்று அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பக்கத்திலேயே ஏறினேன். ஏறிக்கொண்டே திட்டினேன். வெளியே பார்க்கிறவர்களுக்குக் கந்தர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு போவது போல் இருந்திருக்கும்.

“யாரக் கேட்டு வந்தீங்க? அந்தப் பொண்ணு இன்னா சொல்லி அனுப்பிச்சுது? எலும்பு அசையக் கூடாதுன்னு சொல்லுச்சா இல்லியா? நான் கஞ்சி குடிச்சது இதுக்குத்தானா? ஏற்கனவே ரெண்டு வருசமா பூட்டித்தான கீது அந்த வாயி? புதுசா இன்னாத்துக்கு ஒரு பூட்டு? எம்புள்ள இன்னா பேசுனான்னு நாயா அலையறேன், அத ஒரு வார்த்த சொல்ல முடியல, இங்க வந்து கம்பி குத்திகினு நிக்கிறீங்களே!”

அவரால் பதில் பேச முடியாது. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். கண்ணீர் விபூதியைக் கரைத்துக்கொண்டு வந்து கம்பியில் சொட்டியது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வரவில்லை. முந்தானையால் துடைத்துவிட்டுக் கூடவே ஏறினேன்.

சந்நிதி வாசலில் கம்பியை உருவி, இரண்டு கன்னத்திலும் விபூதியை வைத்து அழுத்தினார்கள். ரத்தமே வராது என்பார்கள். கன்னத்தில் வரவில்லை. ஆனால் உள்ளேயிருந்து உமிழ்நீர் சிவப்பாக வந்தது. கூட்டத்திலிருந்து ஒதுங்கி ஒரு தூணோரம் உட்கார வைத்துக் கேட்டேன்:

“அவருதான் ஒண்ணும் குடுக்கலயே. நீங்க எதுக்குக் குடுக்கணும்?”

“அவரு குடுக்கல. அது அவரு யோக்யத.” மஞ்சள் துணியின் முனையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “சொன்ன சொல்லு என்னுதில்ல? நானும் பொய்யி, அவரும் பொய்யின்னா எப்படி?”

பக்தியில் அவர் போகவில்லை. சண்டைக்குப் போயிருக்கிறார். ஏமாற்றியவன் முகத்துக்கு நேரே போய், நான் உன்னைப் போல் இல்லை என்று காட்டிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அந்தச் சண்டையில் முருகனுக்கு என்ன நஷ்டம்? போனது எங்கள் வீட்டு எலும்பு.

கன்னத்து ஓட்டைகள் சீக்கிரமே மூடிக்கொண்டன. உள்ளே மூடவில்லை. மேலுதடு வீங்கி மூக்கு வரை ஏறியது. காய்ச்சல் வந்தது. பக்கத்தில் படுத்தால் ஒரு நாற்றம். செத்த எலி எங்கே கிடக்கிறது என்று முதலில் கட்டிலுக்கடியில் தேடினேன். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கொஞ்சம் முரண்டு பிடித்தார். “டாக்டர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?” என்றார். “முருகன் மூஞ்சில முழிச்சீங்களே, இந்தப் பொண்ணு இன்னா பண்ணிடப் போவுது” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு பிளந்து, வைத்த எலும்பு மஞ்சளாக வெளியே தெரிந்தது. திருகின் தலையும் தெரிந்தது. சுற்றிலும் சீழ்.

“எப்படி ஆச்சு இது? ஏதாவது இடிச்சுக்கிட்டாரா? கன்னத்துல இது என்ன தழும்பு?”

நான்தான் சொன்னேன். அந்தப் பெண் கையுறையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சென்னையில் வளர்ந்தவராக இருக்கலாம். ஆனாலும் கிருத்திகைக் கூட்டத்தை ரயிலிலாவது பார்த்திருப்பார்.

“ஏன் சார்?” என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. வலித்துக் கேட்டது போல் இருந்தது. “இன்னும் கொஞ்ச மாசம் பொறுத்திருக்கலாமே. ஏன் சார் அப்படிப் பண்ணீங்க?”

அவர் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இந்தத் தடவை என்னை வெளியே போகச் சொல்லவில்லை. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, திருகு இரண்டையும் கழற்றினார். எலும்புத் துண்டு தானாகவே கையோடு வந்தது. எங்கும் ஒட்டவில்லை. தட்டில் போட்டபோது சின்னச் சத்தம் கேட்டது. அடியில் இருந்த பழைய எலும்பையும் சீழ் அரித்திருந்தது. அதையும் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். முன்பு இருந்ததைவிட இப்போது குறைவு என்று எனக்குச் சொல்லாமலே தெரிந்தது. அவர் சொல்லவும் செய்தார்.

“இனிமே இடுப்புல இருந்து எலும்பு எடுத்துத்தான் வெக்கணும் டீச்சர். சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில பண்ணுவாங்க. ஆனா இவருக்கு இப்ப சர்க்கரையும் ஏறி இருக்கு. நான் பண்ணுங்கன்னு சொல்லமாட்டேன். திரும்பவும் இதே மாதிரி ஆனா தாங்காது. கழட்டி மாட்டற பல்லோட இருக்கறதுதான் நல்லது.”

சரி என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். பல் முளைக்கும், வாய் திறக்கும், என் பிள்ளை என்ன பேசினான் என்று ஒருநாள் கேட்பேன் என்று நான் கட்டிய கோட்டையெல்லாம் அந்தத் தட்டில் ரத்தத்தில் கிடந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. வெறும் அசதி. இந்த ஆளோடு இப்படியே ஊமைக் குடித்தனம் நடத்திச் செத்துப்போக வேண்டியதுதான் என்று தோன்றியது.

டாக்டர் ஈறை இழுத்துத் தைத்து, பஞ்சு வைத்து, உதட்டை மெல்ல மூடிவிட்டார். “ரொம்பக் கொஞ்சம் ஈறுதான் இருந்தது சார், இழுத்துப் பிடிச்சுத் தெச்சிருக்கேன். பஞ்சை அசைக்காதீங்க. இன்னிக்குப் பேசவே கூடாது.”

நாற்காலி நிமிர்ந்தது. என் கணவர் முன்னால் குனிந்தார். வாயில் விரலை விட்டுப் பஞ்சை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“பையன் உன்ன மாரியே பேசிக்காட்டிகினு வந்தான்” என்றார்.

உதடு மரத்திருந்ததால் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. எனக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

“சார், சார், பேசாதீங்க! தையல் பிரிஞ்சுடும்!” டாக்டர் எழுந்து அவர் தாடையைப் பிடிக்க வந்தார்.

நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். “பேசட்டும்மா, உடு. பிரிஞ்சா பிரியட்டும். திரும்பத் தெச்சிக்கலாம்.”

“நீ கிளாஸ்ல திட்டுவ இல்ல? ‘வெடைய மட்டும் எழுதிகினு வந்துட்டியே, வழி எங்கடா, எவன் நோட்டப் பாத்து எழுதுன’ன்னு. அப்படியே உன் கொரலு. கைய வேற ஆட்டிகினு. நைனா, நைனா, இப்ப பாரேன்னு என் முதுகத் தட்டி திரும்பத் திரும்பப் பண்றான். எனக்கு சிரிப்பு அடங்கல.” வாயோரம் ரத்தம் இறங்கி மோவாயில் நின்றது. அவர் துடைக்கவில்லை. “வாயெல்லாம் பல்லா சிரிச்சிகினே பின்னாடி திரும்பிப் பாத்தேன். அவன் மூஞ்சியப் பாக்கணும்னு. அவ்ளோதான். ரோட்டப் பாக்கல.”

டாக்டர் ஊசியையும் நூலையும் மறுபடியும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, கையைக் கட்டி நின்றார். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டியதற்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் முழங்கால் என் முழங்காலில் இடிக்கும்படி எதிரில் உட்கார்ந்தேன்.

“அப்புறம்?” என்றேன். “அதுக்கு முன்னாடி? வண்டியில ஏறனதுல இருந்து சொல்லுங்க. மொதல்ல இன்னா பேசுனான்?”